வரிசையில் கடைசி ஆள்

அந்த ஊரில் மலை ஏறாத கால் என்று ஒன்று உண்டென்றால் அது தையல்காரியின் கால்தான். எங்கெங்கிருந்தோ ரயிலேறி வந்து, முதுகில் பையை மாட்டிக்கொண்டு, மேலே போய் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து ஒரு மலை வழிகாட்டியோடு குடித்தனம் நடத்துகிறவள், அடிவாரத்துப் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டியது கிடையாது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அந்தக் கதைதான். யாராவது கேட்டால், "ரெண்டு பேரும் மேல போய் உக்காந்துட்டா வீட்ட யாரு பாக்கறது? மலையா வந்து பாக்கும்?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

தையல்காரி என்றதும் சட்டை பாவாடை தைக்கிறவள் என்று நினைத்துவிடக் கூடாது. அவளிடம் வருவதெல்லாம் மலையில் அடிபட்டு வருகிற சாமான்கள். வார் அறுந்த முதுகுப்பை, முள் கிழித்த மழைச்சட்டை, காற்றில் பிய்ந்த கூடாரத்துணி. முன்னறையில் ஜன்னலோரம் மெஷின். ஊசி ஒவ்வொன்றும் ஆணி மாதிரி இருக்கும். சிக்கிக்கொண்ட ஜிப்பில் மெழுகுவத்தித் துண்டை இரண்டு தேய்ப்புத் தேய்த்து விட்டாளென்றால் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போகும். அவள் தைத்த வார், பையே கிழிந்தாலும் அறாது என்று வழிகாட்டிகள் நடுவில் ஒரு பேச்சு உண்டு.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பி வாசல்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். நெஞ்சில் அடைப்பு. பக்கத்துக் கடை ரொட்டிக்காரர் மாவுக் கையோடு ஓடிவந்து வண்டியில் தூக்கிப் போட்டது, பனியில் சறுக்காமல் டிரைவர் ஓட்டியது, ஆஸ்பத்திரியில் காத்திருக்க வைக்காமல் உள்ளே கொண்டுபோனது, எல்லாவற்றையும் நினைத்தால் தையல்காரிக்கு இன்றைக்கும் கண் கலங்கும். யார் யாருக்கோ நன்றி சொல்லியாகிவிட்டது. அடைத்த ரத்தக்குழாய்க்குள்ளே கம்பி வைத்துப் பிழைக்கவைத்தார்கள்.

உயிர் வீட்டுக்கு வந்தது. ஆள்தான் வரவில்லை. பின்னறை நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டால் மலை தெரியும் என்று நாற்காலியைத் திருப்பக்கூட விடவில்லை. பேச்சு போய்விட்டது. சாப்பிடுறீங்களா என்றால் "ம்". போதுமா என்றால் "ம்". எந்த "ம்" ஆமாம், எந்த "ம்" இல்லை என்று கண்டுபிடிப்பதே அவளுக்குத் தனி வேலையாகிப் போனது.

டாக்டரம்மா நல்ல மாதிரி. படம் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இப்படி உக்காரவே கூடாது. நடக்கணும். மேடும் ஏறலாம், மெதுவா. பேசிக்கிட்டே நடக்க முடியுதான்னு பாத்துக்குங்க. பேச்சு வர்ற வரைக்கும் நடங்க. பேச முடியாம மூச்சு வாங்கினா நின்னுடுங்க. அவ்வளவுதான்" என்றார். வெளியே வந்ததும் தையல்காரிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பேசவே பேசாத மனிதரைப் பேச முடிகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் விசில் வந்தாள், வார் அறுந்த பையைத் தூக்கிக்கொண்டு. அவளும் வழிகாட்டிதான். இரண்டு விரலை வாயில் வைத்து அடித்தாளென்றால் அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கிற ஆள் திரும்பிப் பார்ப்பான். அதனால் அந்தப் பெயர். அவளுக்கும் இவருக்கும் தொழிலில் ஏழாம் பொருத்தம். இவர் வானத்தில் கைக்குட்டை அளவு மேகத்தைப் பார்த்தாலே ஆட்களைத் திருப்பிக் கூட்டி வந்துவிடுகிறார் என்று அவள் சொல்வாள். அவள் ஆட்களை ஆட்டுமந்தை மாதிரி ஓட்டுகிறாள் என்று இவர் சொல்வார். எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள்.

"அண்ணன் எப்படி இருக்காரு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள் விசில்.

"இருக்காரு. சுவத்துக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நடக்குது, இன்னும் முடியல."

விசில் சிரிக்கவில்லை. பையின் அறுந்த வாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தையல்காரி மெஷினை நிறுத்தினாள். இத்தனை நாளாக மனதில் ஊறிக்கொண்டிருந்தது அப்போதுதான் வாய்க்கு வந்தது.

"ஒரு நாள் நடைக்கு எங்கள கூட்டிட்டுப் போறியா? எங்க ரெண்டு பேர மட்டும். வேற கூட்டம் வேணாம்."

"நானா? அண்ணி, ஊர்ல இத்தன பேர் இருக்காங்க. என்னப் பாத்தா அவருக்கு இருக்கிற கொஞ்சநஞ்ச நெஞ்சும் நின்னுடும்."

"அதுக்குத்தான் உன்ன கேக்கறேன். மத்தவங்க எல்லாம் அவரப் பாத்தா கைகட்டி நிப்பாங்க. கண்ணாடிச் சாமான் மாதிரி தாங்குவாங்க. அத விட அவமானம் அவருக்கு வேற இல்ல. நீ ஒருத்திதான் அவருக்கு மரியாத குடுக்காதவ."

"நல்ல பேரு வாங்கி வச்சிருக்கேன் போங்க" என்றாள் விசில். ஆனால் ஒத்துக்கொண்டாள்.

மகள் கேள்விப்பட்டுக் குதித்தாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். "உனக்குப் பைத்தியமாம்மா? நடக்கச் சொன்னா தெருவுல நடக்க வைக்க வேண்டியதுதானே? மேல வச்சு ஏதாவது ஆச்சுன்னா?"

"தெருவுக்குக் கூப்பிட்டா வர்றாரா உங்கப்பா? நீயும்தான் கூப்பிட்டுப் பாத்தே. இப்படியே உக்காந்திருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு யாராவது எழுதிக் குடுத்தாங்களா? அந்த நாற்காலியே அவர முழுங்கிடும்டீ."

மகள் மருந்துப் பெட்டியை எடுத்தாள். மாத்திரைகளைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, எது எப்போது என்று அம்மாவுக்குச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினாள்.

அவரிடம் தையல்காரி வேறு மாதிரி சொன்னாள். "நான் மலை ஏறப் போறேன். இத்தன வருஷம் கீழயே இருந்து பாத்தாச்சு. விசில் கூட்டிட்டுப் போறா. வர்றதுன்னா வாங்க, இல்லன்னா மதியத்துக்கு சோறு மூடி வச்சிருக்கேன்." சுவர் பக்கமிருந்து சத்தமே வரவில்லை. "ம்" கூட இல்லை.

ஆனால் மறுநாள் விடியலில் அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவி, முட்டை அவித்து, பிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசல்படியில் ஏதோ சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அதே படி. கயிற்றைக் கட்டி முடித்து, எழுந்து நின்று, அவள் காலைப் பார்த்தார். "அது வழுக்கும். மகளோடத போடு" என்றார். எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு முழுப் பேச்சு! தையல்காரி உள்ளே ஓடிப்போய் மகளின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, சமையலறையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

முந்தின இரவு மழை பெய்திருந்தது. அடிவாரத்தில் மரம் ஒவ்வொன்றும் சொட்டிக்கொண்டிருந்தது. மண் மெத்தென்று இருந்தது, கல் பளபளவென்று இருந்தது. விசில் அவரைப் பார்த்து, "வாங்கண்ணே" என்றாள். அவர் தலையை ஆட்டினார். போதும், அவர்கள் இரண்டு பேருக்கும் அதுவே பெரிய சமாதானம்.

நடக்க ஆரம்பிக்கும் முன் விசில் வரிசை சொன்னாள். "நான் முன்னாடி. அண்ணி என் முதுகுக்குப் பின்னாடியே வாங்க. அண்ணே, நீங்க கடைசி."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. குச்சியை ஊன்றிக்கொண்டு மறுபேச்சில்லாமல் பின்னால் போய் நின்றார். தையல்காரிக்குத்தான் பொறுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் விசிலின் காதருகே போய்க் கேட்டாள். "ஏண்டி, உடம்பு சரியில்லாதவர கடைசியில விட்டுட்டு வர்றே?"

"அண்ணி, எங்க தொழில்ல கடைசி இடம்னா சும்மா இல்ல. யாரும் விட்டுப்போகாம, விழாம பாத்துக்கிட்டு வர்ற ஆள்தான் அங்க நடப்பாரு. நம்பிக்கையான ஆளுக்கு மட்டும்தான் குடுப்போம்."

"அப்ப உன் பின்னாடியே நடக்கிறது?"

"அன்னிக்கு வந்ததுலயே யாரு ரொம்ப சொத்தையோ, அவங்க. வந்தவங்களுக்கு இது தெரியாது. கைடு நம்மள பக்கத்துல வச்சிருக்காரேன்னு பெருமையா நடப்பாங்க."

"அடிப்பாவி! அப்ப நான்தான் சொத்தையா?"

"அண்ணன அங்க நிறுத்தியிருந்தா அப்பவே வீட்டுக்குத் திரும்பியிருப்பாரு அண்ணி."

அது சரிதான் என்று தையல்காரிக்கும் பட்டது. மரியாதை கொடுக்காதவள் என்று கூட்டிவந்தவள், வந்த இடத்தில் எவ்வளவு பெரிய மரியாதையைச் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டாள்! மனசார வாழ்த்தினாள். ஆனால் அந்த மரியாதையிலேயே ஒரு கோளாறு இருந்தது. நெஞ்சில் கம்பி வைத்த ஆள் யார் கண்ணிலும் படாமல் எல்லோருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தால் அவருக்குப் பிடிக்காது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். முன்னால் பார்த்தபடியே, "ஏங்க, இது என்ன மரம்?" என்று கேட்டாள்.

"பைன். இந்தப் பக்கம் வெயில் படும், அதனால கிளை எல்லாம் இந்தப் பக்கமா சாஞ்சிருக்கும். அந்தப் பக்கம் பாரு, மொட்டையா இருக்கும்."

பேச்சு வருகிறது. நல்லது. கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் பாசி மட்டும் ஏங்க இப்படி வெள்ளையா இருக்கு?" என்றாள். அதற்கும் பதில் வந்தது. கத்துகிற பறவையைப் பற்றிக் கேட்டாள். தூரத்தில் கொட்டுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டாள். ஓடையோரம் கிடந்த எலும்பு எந்த விலங்குடையது என்று கேட்டாள். அதற்கு மட்டும் "அப்புறம் சொல்றேன்" என்று பதில் வந்தது. விசில் அசந்துபோனாள். "அண்ணிக்கு இவ்வளவு ஆர்வமா! பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க தோத்துது போங்க."

மரங்கள் முடிந்து வெட்டவெளி வந்தது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் சரிவு, நடுவில் ஒரு ஆள் மட்டும் போகிற பாதை. காற்று காதைப் பிடித்துத் திருகியது. மேலே பார்த்தால் உச்சி கைக்கெட்டுகிற மாதிரி நின்றது. மூடியிருந்த மேகம் விலகி அதன் மேல் வெயில் அடித்தபோது தையல்காரி வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டாள். இதையா இத்தனை வருஷம் அடுப்பைக் காரணம் காட்டி விட்டுவிட்டோம் என்று தன் மேலேயே கோபம் வந்தது.

"ஏங்க, உச்சியில என்னங்க இருக்கும்?"

"கல்லு."

நடந்தாள். "கல்லு மட்டுமா?"

"ம்."

இன்னும் நடந்தாள். மேடு செங்குத்தாகிக்கொண்டே போனது. "ஏங்க, அந்தப் பக்கம் இறங்கினா எந்த ஊர் வரும்?"

பதில் இல்லை. குச்சி கல்லில் படும் சத்தம் மட்டும் வந்தது. ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில் நீண்ட இடைவெளி. காற்று ஒரு கணம் நின்றபோது அவளுக்கு அவர் மூச்சு கேட்டது. கல்யாணமானதிலிருந்து பக்கத்தில் படுத்து அந்த மூச்சைக் கேட்கிறவள் அவள். அசதியில் எப்படி வரும், கோபத்தில் எப்படி வரும், தூங்குகிற மாதிரி நடிக்கும்போது எப்படி வரும், எல்லாம் தெரியும். இது அவற்றில் எதிலும் சேராத மூச்சு. முன்னால் போகிறவளோ நிற்காமல் போய்க்கொண்டிருந்தாள்.

தையல்காரி பாதையிலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். "ஐயோ, என் கால்! ஐயையோ, என்னால ஒரு அடி எடுத்து வைக்க முடியாதும்மா! கால் போச்சே!"

விசில் பதறிப்போய்த் திரும்பி வந்தாள். வழிகாட்டியும் வந்து சேர்ந்தார். பாறையில் கை ஊன்றி நின்றார். அவ்வளவு குளிர் காற்றிலும் நெற்றியெல்லாம் வேர்வை. முகம் வெளிறிக் கிடந்தது. அவரைப் பார்த்ததும்தான் விசிலுக்கு விஷயம் புரிந்தது. தையல்காரியின் தலைக்கு மேலாகவே எட்டி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். தையல்காரி கால் போன கதையை மறந்துவிட்டு ஒரே தாவலில் எழுந்து மாத்திரைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"நெஞ்சு வலிக்குதாங்க? கைக்கு இழுக்குதா? சொல்லுங்க!"

இல்லை என்று தலையசைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மூச்சுதான்" என்றார்.

மூன்று பேரும் பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். தையல்காரி தன் மழைச்சட்டையை அவர் தோளில் சுற்றிவிட்டாள். மூச்சு மெல்ல மெல்லத் தன் வழிக்கு வந்தது. வெளுத்திருந்த உதட்டில் நிறம் திரும்பியது. டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். பிறகு அவள் காலைப் பார்த்தார்.

"எந்தக் கால் வலிக்குது?"

தையல்காரி யோசித்து, "ரெண்டும்தான்" என்றாள்.

"எத்தன பேர கூட்டிட்டு வந்திருக்கேன்! முடியாதவன் ஒருத்தன்கூட முடியலன்னு சொன்னதில்ல. நல்லாதான் இருக்கேன், நல்லாதான் இருக்கேன்னே வருவான். கால் நல்லா இருக்கிறவதான் இப்படி ஊரக் கூட்டுவா."

விசில் தலையைக் குனிந்துகொண்டாள். "ஓடைகிட்டயே திரும்பியிருக்கணும் அண்ணே. எனக்கு மனசுல பட்டுச்சு. நீங்க சொல்வீங்க, நீங்க சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டே வந்துட்டேன். உங்கள வச்சுக்கிட்டு நான் எப்படித் திரும்பலாம்னு சொல்றது?"

"முன்னாடி போறவ நீ. நீ சொல்லாம நான் எப்படிச் சொல்றது? தொழில்னு ஒரு முறை இருக்குல்ல?"

அவ்வளவுதான், தையல்காரிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "ஓஹோ! வாசல்ல பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குவீங்க, இங்க வந்து முறை பாக்கறீங்களா முறை? நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்கன்னு பந்தியில உபசாரம் பண்ற மாதிரி ரெண்டு கைடும் வாய மூடிக்கிட்டு வந்தீங்களே! உங்க மரியாதைக்கு நடுவுல நான் என் வீட்டுக்காரரப் பறிகுடுத்துட்டு நின்னிருப்பேனே! நாசமாப் போக உங்க மரியாத!" என்று கத்தியவள், கத்தின வாய் மூடாமலே அழுதாள். பனி மாதத்தில் அழாமல் வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. "எனக்கு நீங்க வேணும்ங்க. சுவத்தப் பாத்துட்டு இருந்தாலும் சரி, எனக்கு நீங்க இருக்கணும்."

அவர் அவள் தலையிலிருந்து விலகிய துணியை இழுத்துவிட்டார். உச்சியைப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றார் மெதுவாக.

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்ட மாதிரி இருந்தார். விசிலும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்த வேகத்தில் விசிலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணே! எல்லாரும் இதையேதானே நம்மகிட்ட கெஞ்சுவாங்க! நீங்க என்ன பதில் சொல்வீங்க அவங்களுக்கு?"

"உச்சி பாதி வழிதான், வீடுதான் முழு வழின்னு சொல்வேன்" என்றார் அவர். உதட்டோரம் கோணியது. சிரிப்புதான் அது. அப்புறம் குச்சியை ஊன்றி எழுந்து நின்றார். கீழே பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், இரண்டு பெண்களையும் பார்த்தார். "திரும்பலாம்" என்றார். யாரும் தூண்டாமல், தன் வாயால், தனக்குத்தானே சொன்னார். தையல்காரி அந்த ஒரு சொல்லுக்கு எந்தக் கடவுளுக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் எல்லாக் கடவுளுக்கும் பொதுவாகச் சொல்லிவைத்தாள்.

பாதையோ ஒற்றையடி. ஒருவரை ஒருவர் தாண்ட முடியாது. நின்ற இடத்திலேயே திரும்பியதும் கடைசியில் இருந்தவர் முதலில் வந்துவிட்டார். இறக்கத்தில் மூச்சு வாங்கவில்லை. மெதுவாகத்தான் போனார், ஆனால் பேசிக்கொண்டே போனார். இந்தக் கல் ஆடும், அந்தக் கல் ஆடாது என்றார். குதிகாலை முதலில் வை என்றார். ஓடைகிட்ட வந்து, அவள் காலையில் கேட்ட எலும்பு மலையாட்டுடையது, குளிரில் இறந்திருக்கும் என்று கேட்காமலே சொன்னார். வழுக்குப் பாறை ஒன்று வந்ததும் திரும்பி நின்று கையை நீட்டி, "பாத்து வாங்கம்மா, கையக் குடுங்க" என்றார். பழக்கதோஷம். கட்டின நாளிலிருந்து வாடி போடி கேட்டவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சரிங்க சார்" என்று கையைக் கொடுத்தாள். பின்னால் விசில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பைன் மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்கள். அவர் இரண்டாவது ரொட்டியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை நிறைய உப்போடு முட்டையைத் தொட்டவரிடமிருந்து தையல்காரி உப்பைப் பிடுங்கினாள். அப்படி ஒரு சாதாரண மத்தியானம் அந்தக் குடும்பத்துக்கு வந்து எத்தனை நாளாகிவிட்டது! முட்டை ஓட்டைப் பொறுக்கிப் பையில் போடும்போது அவளுக்கு மனசு நிறைந்து வழிந்தது.

அடிவாரத்துப் பேருந்து நிறுத்தத்தில் விசில் விடைபெற்றுக்கொள்ள நின்றாள். வழிகாட்டி தொண்டையைக் கனைத்தார். இத்தனை காலம் மற்றவர்கள் நன்றி சொல்லக் கேட்டே பழக்கப்பட்டவர். சொல்கிற பக்கம் நின்றதில்லை. "நல்லா... நல்லா கூட்டிட்டுப் போனம்மா" என்றார். "எங்க நல்லா? தப்பு பண்ணிட்டேன் அண்ணே" என்றாள் அவள். "நானும்தான்" என்றார் அவர்.

பேருந்து வருகிற சத்தம் கேட்டது.

"வர்ற வாரம் உனக்கு ஒரு நாள் ஒழியுமா?" என்றார்.

"ஒழிக்கிறேன் அண்ணே."

"ஓடை வரைக்கும் போதும். அதுக்கு மேல நானே கெஞ்சினாலும் கூட்டிட்டுப் போகாத." குச்சியின் முனையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "நான் உன் முதுகுக்குப் பின்னாடியே நடக்கிறேன்."

அந்த இடத்துக்கு என்ன அர்த்தம் என்று இப்போது தையல்காரிக்கும் தெரியும். அந்த மனிதர் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வார் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

"அப்ப கடைசியில யாருண்ணே வர்றது?" என்றாள் விசில்.

அவர் பேருந்தைக் கை காட்டி நிறுத்திக்கொண்டே, "இவ வரட்டும்" என்றார்.